பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பது

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியில் உட்காருவது குறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பகுதியினர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். இன்னொரு பகுதியினர் பொறியியல் முடித்து, பைத்தானோ ஜாவாவோ கற்று, சென்னை மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறார்கள். இரண்டு மூன்று வருடம் நிரல் எழுதிப் பழகிய பிறகு இவர்களில் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நெட்வொர்க் பாதுகாப்பு கற்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?

கேட்ட மாத்திரத்தில் மூன்று பதில்கள் வந்து விழும். காளி லினக்ஸை நிறுவி அதிலுள்ள பாதுகாப்புச் சோதனைக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பழகு என்பது முதலாவது. ஏதாவது ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேர் என்பது இரண்டாவது. பெரிய நிறுவனங்களின் தளங்களில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் டாலரில் பரிசு தருவார்கள், அதில் இறங்கு என்பது மூன்றாவது. இவை எதுவும் பொய்யான பதில் இல்லை. ஆனால் ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இவற்றில் எதுவுமே முதல் பதிலாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. மற்றவர்களிடம் இல்லாத ஒரு பலம் அவரிடம் இருக்கிறது. மற்றவர்கள் யோசித்துப் பார்க்காத ஒரு குறையும் அவரிடமே இருக்கிறது.

குறையை முதலில் பார்ப்போம். இன்றைய நிரலாளருக்கு நெட்வொர்க் என்பது ஒரே ஒரு வரி. ஒரு நூலகத்தை அழைத்து முகவரியைக் கொடுத்தால் பதில் வந்து மாறியில் உட்கார்ந்துகொள்ளும். இடையில் பெயரை எண்ணாக மாற்றியது யார், இணைப்பு எப்படித் திறந்தது, எத்தனை ரவுட்டர்கள் கைமாற்றின என்று அவர் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. கோர்வைச் சேலையின் முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு உடலும் கரையும் ஒரே துணிதான். இரண்டும் பூட்டிக்கொண்ட இடம் தெரிய வேண்டுமானால் பின்புறம் திருப்பிப் பார்த்தாக வேண்டும். பாதுகாப்பு கற்பவரின் முதல் வேலையும் அப்படித் திருப்பிப் பார்ப்பதுதான். அதற்கு, நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் போதும். 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் தொடங்கி, 2006-இல் பெயர் மாறி, இன்றும் இத்துறையில் அன்றாடம் திறக்கப்படும் கருவி அது.

மடிக்கணினியில் சின்னதாக ஒரு வெப் சர்வரை ஓடவிட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வை-ஃபையில் இருக்கும் கைபேசியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறங்கள். மடிக்கணினியில் ஓடும் வயர்ஷார்க்கில் மூன்று சிறிய பாக்கெட்டுகள் முதலில் தெரியும். கைபேசி ‘சின்’ அனுப்புகிறது. சர்வர் ‘சின்-ஆக்’ என்கிறது. கைபேசி ‘ஆக்’ என்று முடிக்கிறது. இந்த மூன்று அடி நடனம் முடிந்த பிறகுதான் உங்கள் நிரலின் அந்த ஒற்றை வரி தொடங்குகிறது. படிவத்தை நிரப்பி அனுப்பிய பிறகு வரும் பாக்கெட்டைத் திறந்தால், நீங்கள் தட்டச்சு செய்த கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அப்படியே கிடக்கும். இப்போது மடிக்கணினியிலேயே பூட்டுப் படம் போட்ட ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அதன் பாக்கெட்டுகளைப் பாருங்கள். உள்ளடக்கம் முழுவதும் புரியாத பைட்டுகளாக இருக்கும். ஆனால் முதல் செய்தியில் தளத்தின் பெயர் மட்டும் பெரும்பாலும் பச்சையாகத் தெரியும். குறியாக்கம் எதை மறைக்கிறது, எதை மறைக்கவில்லை என்பதைப் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட இந்த அரை மணி நேரத்தில் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம்.

நெட்வொர்க் பாதுகாப்பின் வரலாற்றில் ஒரு பெரிய கருவியே இப்படிப்பட்ட காட்சியிலிருந்துதான் பிறந்தது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் மென்பொருளை வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அப்போது புழக்கத்திலிருந்த டெல்நெட் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே அனுப்பியது. அங்கே ஆய்வாளராக இருந்த தத்து யுலோனென் உட்கார்ந்து, அதே வேலையைக் குறியாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்எச் எழுதினார். போர்ட் எண் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்ததால் நடுவிலிருந்த 22-ஐத் தன் கருவிக்குக் கேட்டு வாங்கினார். உலகமெங்கும் சர்வர்களை நிர்வகிப்பவர்கள் இன்றும் அந்த 22 வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். யுலோனென் அடிப்படையில் ஒரு நிரலாளர்.

நிரலாளரின் தவறான நம்பிக்கைகளில் இன்னொன்று, அந்த மூன்று பாக்கெட்டுகளால் இணைப்பைத் திறக்கும் டிசிபி நெறிமுறையைப் பற்றியது. ஒரு முறை அனுப்பினால் மறுமுனையில் ஒரு முறை வந்து சேரும் என்று அவர் நினைப்பார். டிசிபி அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அது பைட்டுகளின் ஓடை. நீங்கள் இரண்டாக அனுப்பியது ஒன்றாகச் சேர்ந்து வரலாம், ஒன்றாக அனுப்பியது மூன்றாக உடைந்தும் வரலாம். ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தோன்றும், ஆகவே பிழை ஒளிந்துகொள்ளும். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை நிரல்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு நிரல்கள் அதை இரண்டு விதமாகத் தீர்மானித்தால் என்ன ஆகும்? முன்னால் நிற்கும் சர்வர் ஒரு கோரிக்கை என்று எண்ணி அனுப்புவதைப் பின்னால் நிற்கும் சர்வர் இரண்டாக எண்ணும். அந்த இடைவெளியில் தாக்குபவர் தன் கோரிக்கையை அடுத்தவருடைய கோரிக்கையின் தலையில் ஒட்டிவிடலாம். 2005-இல் விவரிக்கப்பட்டு, பலரும் மறந்துபோன இந்தத் தாக்குதலை 2019-இல் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெட்டில் மீண்டும் எடுத்து, பெரிய பெரிய தளங்களில் வேலை செய்வதைக் காட்டினார். அதே நிறுவனம் நடத்தும் வெப் பாதுகாப்புப் பயிற்சித் தளத்தில் இதை இலவசமாகச் செய்து பார்க்கலாம்.

ஆகவே கருவிகளுக்கு முன்னால் சாக்கெட் நிரல் எழுதிப் பாருங்கள் என்று சொல்வேன். ஒரு சிறிய அரட்டைச் செயலி, ஒரு சிறிய வெப் சர்வர், எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் ஒரு ஸ்கேனர். மூன்றும் சேர்ந்து ஐந்நூறு வரிக்குள் அடங்கும். ஸ்கேனரை எழுதிய பிறகு, 1997-இல் கார்டன் லையன் வெளியிட்ட என்மேப்பை ஓட்டிப் பார்த்தால், உங்களுடையது ஏன் அத்தனை மெதுவாக இருந்தது, என்மேப் ஏன் ‘ஆக்’ அனுப்பாமல் பாதியிலேயே இணைப்பை விட்டுவிடுகிறது என்பதெல்லாம் கேள்விகளாக எழும். அந்தக் கேள்விகள் எழாதவருக்கு என்மேப் வெறும் வண்ண எழுத்து. பிரையன் ஹாலின் சாக்கெட் நிரலாக்கக் கையேடு இணையத்தில் இலவசம். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1994-இல் எழுதிய டிசிபி-ஐபி நூல் பழையதாகிவிட்டதே என்பார்கள். பாக்கெட்டுகளைக் காட்டிக் காட்டி விளக்கும் அதன் முறை பழையதாகவில்லை. டிசிபியின் மூல ஆவணம் 1981-இல் வந்து, 2022-இல்தான் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது. இந்தத் துறையில் அடித்தளம் மெதுவாகத்தான் மாறும், கற்றது வீணாகாது.

இனி பலம். பாதுகாப்புத் துறைக்கு வருகிறவர்களில் பலருக்கு நிரலைப் படிக்க வராது. உலகை உலுக்கிய பிழைகளைப் பார்த்தால், நிரல் படிக்கத் தெரிந்தவருக்கு அவை எவ்வளவு எளிமையானவை என்பது தெரியும். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, அன்றைய இணையத்தில் சுமார் ஆறாயிரம் கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, வரும் வரியின் நீளத்தைப் பார்க்காமல் 512 பைட் இடத்தில் கொட்டிய ஒரு செயற்கூறு. அந்தப் புழுவிலேயே ஒரு பிழையும் இருந்தது. ஏற்கெனவே தொற்றிய கணினியில் ஏழு முறைக்கு ஒரு முறை எப்படியும் மீண்டும் தொற்று என்று மோரிஸ் எழுதியிருந்தார்; அந்த ‘ஏழு’ மிகக் குறைவான எண். கணினிகள் மூச்சுத் திணறியது அதனால்தான். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீடும் இதே ரகம். “நான் அனுப்பியதைத் திருப்பி அனுப்பு, நீளம் இவ்வளவு” என்று கேட்பவர் சொல்லும் நீளத்தை ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் சரிபார்க்காமல் நம்பியது. ஒரு பைட் அனுப்பிவிட்டு அறுபத்து நாலாயிரம் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதைத் திருத்திய நிரல் சில வரிகள்தான். இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவே இருபத்தாறு ஆண்டுகள்.

அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு முறையை ஆராய்ந்தார். கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடம் செல்லும். மொத்தம் பத்து லட்சம் எண்கள். ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து முயன்றால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். அவர் ஒரே நேரத்தில் பல இணைப்புகளில், பல ஐபி முகவரிகளிலிருந்து கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்தார். எண்ணிக்கை வைப்பவர் எண்ணி முடிப்பதற்குள் கோரிக்கைகள் உள்ளே போய்விட்டன. ஆயிரம் முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் கோரிக்கைகள் அனுப்பிக் காட்டி, ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் முழுத் தாக்குதலும் சாத்தியம் என்றும், கிளவுடில் அதற்குச் சுமார் 150 டாலர் போதும் என்றும் கணக்குச் சொன்னார். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. செய்தித்தாள்கள் பரிசுத் தொகையைத்தான் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு செயல்கள் ஒரே எண்ணை மாற்ற முயன்றால் என்ன ஆகும் என்று இயங்குதளப் பாடத்தில் படித்தவர் எவருக்கும் இந்த யோசனை எட்டக்கூடியது. மேலும் இது அவருடைய முதல் கண்டுபிடிப்பு இல்லை. 2015-இலேயே ஃபேஸ்புக்கில் யாருடைய புகைப்படத் தொகுப்பையும் அழிக்கக்கூடிய பிழையைக் காட்டி 12,500 டாலர் பெற்றவர். பரிசு வேட்டையை முதல் படியாக வைத்து இறங்குகிறவர்கள் அந்த இடைப்பட்ட ஆண்டுகளைப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் நிரலாகவே பார்த்துவிடும் அபாயமும் நிரலாளருக்கு உண்டு. காஞ்சியைப் போலவே கோயில் நகரமான கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரியில் நேர்ந்ததை இதற்காகவே படிக்க வேண்டும். வங்கிகளுக்கிடையே பணமாற்றச் செய்திகளைக் கொண்டுபோகும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக வங்கி அனுப்பாத மூன்று பணமாற்ற உத்தரவுகள், மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு, துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போயின. ஸ்விஃப்டோடு இணைந்திருந்த பிரிண்டரை ஊடுருவியவர்கள் செயலிழக்கச் செய்திருந்தார்கள் என்று வங்கியின் தலைமை நிர்வாகி ந. காமகோடி சொன்னார். ஒப்புகைச் சீட்டு அச்சாகவில்லை, ஆகவே அன்று மாலை யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 8.1 கோடி டாலர் பறிபோன வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையிலும் பிரிண்டரைத்தான் முதலில் வாயடைத்தார்கள்.

1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைத் தேடப் போன வானியலாளர் கிளிஃப் ஸ்டோல், இதற்கு நேர் எதிராகச் செய்தார். அலுவலகத்திலிருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் மாட்டினார். ஊடுருவியவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. அந்த ஆள் மேற்கு ஜெர்மனியிலிருந்து சோவியத் உளவு அமைப்புக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்தவர். ஊடுருவியவர் தொட முடியாத இடத்தில் சாட்சியம் பதிவாக வேண்டும் என்பது நெட்வொர்க் பாதுகாப்பின் பாதி. எல்லாப் பதிவுக் கோப்புகளையும் அதே சர்வரிலேயே சேமிக்கும் நிரலாளர்கள் இதைக் கும்பகோணத்திலிருந்தோ பெர்க்லியிலிருந்தோ கற்கலாம்.

கூடங்குளம் இன்னொரு பாடம். 2019 அக்டோபர் இறுதியில் அணுமின் நிலையத்தில் தீநிரல் நுழைந்ததாகப் பேச்சு எழுந்தபோது, நிலையத்தின் தரப்பு முதலில் மறுத்தது. அடுத்த நாளே அதை நடத்தும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் இணையத்தோடு தொடர்பிலிருந்த ஒரு கணினியில்தான் தொற்று, உலைக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே இதைத் தெரிவித்திருந்தது. காப்பாற்றியது எந்தக் கருவியும் இல்லை; இரண்டு நெட்வொர்க்குகளையும் பிரித்து வைத்திருந்த பழைய முடிவு. இம்மாதிரி முடிவுகளைச் சோதனைக்கூடத்தில் கற்க முடியாது.

எங்கே கற்பது என்பதற்குக் காஞ்சியிலேயே தொடக்கம் இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. அதில் முன்னின்ற த. சீனிவாசனும் நண்பர்களும் 2012-இல் தொடங்கிய கணியம், லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழில் எளிமையாக எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் கொடுக்கிறது. கட்டளை வரியில் தடுமாறும் ஒருவர் நெட்வொர்க் பாதுகாப்புப் பக்கம் வருவது நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பதுதான், ஆகவே முதல் மாதங்கள் அங்கேயே கழியலாம். ஊரின் பெயரைத் தாங்கிய ஐஐஐடிடிஎம் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2007-இல் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் இருக்கும் அது, மாவட்டம் பிரிந்த 2019-க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் காஞ்சியிடம். அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை ஐஐடியின் செஸ்டர் ரெபெய்ரோ நடத்தும் பாதுகாப்பான அமைப்புகள் குறித்த பாடம் இருக்கிறது. நினைவகப் பிழைகளை வரி வரியாகப் பிரித்துக் காட்டுவதால் நிரலாளருக்குப் பிடிக்கும். ஒளித்து வைத்த குறியீட்டைத் தேடிப் பிடிக்கும் ‘கொடி பிடிக்கும்’ போட்டிகளில் அம்ரிதா பல்கலைக்கழகத்தின் பயாஸ் அணி இந்தியாவில் முன்னோடி. பிகோ சிடிஎஃப், ஓவர் த வயர் போன்ற தொடக்கநிலைப் போட்டிகளில் ஒரு பருவம் கழித்தால் கை பழகும். போட்டிகளின் குறை, எல்லாப் புதிருக்கும் விடை உண்டு என்று பழக்கிவிடுவது. நிஜ நெட்வொர்க்கில் ஒரு மாதம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்பதே விடையாக இருக்கும்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனிதவள அலுவலரின் கதவைத் திறக்கும். திறந்த பிறகு உள்ளே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி அந்த மூன்று பாக்கெட்டுகளைப் பற்றியதாக இருக்கும். கடன் வாங்கி அந்தத் தேர்வுகளை எழுதாதீர்கள்.

கற்றதற்கு இந்த ஊரிலேயே வேலை இருக்கிறது. தறியின் ஜக்கார்டு அட்டைதான் கணினியின் மூதாதை என்று இந்த ஊர் மேடைகளில் சொல்லப்படுவதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. இன்று கவனிக்க வேண்டியது, அந்த அட்டைக்குப் போகும் டிசைன் ஒரு கணினிக் கோப்பாகிவிட்டது என்பதுதான். புதிய முந்தி டிசைன் ஒன்று, சேலை கடைக்கு வருமுன்பே விசைத்தறிக்காரரிடம் போய்விட்டால் கைத்தறி முதலாளிக்கு நஷ்டம். அந்தக் கோப்பு இருக்கும் கணினி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? காந்தி சாலையில் நடுத்தரப் பட்டுக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரவுட்டர். அதில் பில் போடும் கணினி, டிசைன் கணினி, கண்காணிப்பு கேமராக்களின் டிவிஆர், கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பத்தினரின் கைபேசிகள், எல்லாம் ஒரே வை-ஃபையில். ஒரே உள்ளூர் நெட்வொர்க்கில் ‘இந்த ஐபி யாருடையது’ என்று கேட்டால், ‘என்னுடையது’ என்று யார் சொன்னாலும் நம்பிவிடும் ஏஆர்பி நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அதில் அடையாளச் சோதனை கிடையாது. விருந்தினருக்குத் தனி வை-ஃபை என்பது ரவுட்டரில் ஒரு பொத்தான்தான், அதை அழுத்தியவர்கள் குறைவு.

டிவிஆர் இன்னும் மோசமான கதை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் டெல்நெட் வழியாகப் பிடித்தது. கையில் வைத்திருந்தது அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் மட்டும். அந்தப் படை அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின், தளப் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சர்வர்களைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. கடை முதலாளி வீட்டிலிருந்தே கேமரா பார்க்க வேண்டும் என்று போர்ட்டைத் திறந்துவிடும்போது நடப்பது அதேதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேராகப் பக்கத்துக் கடையை ஸ்கேன் செய்யக் கிளம்பிவிடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலோ நெட்வொர்க்கிலோ நுழைந்தாலே இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ சேர்ந்தால் 66-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்’ என்பது 43-க்குப் பதிலாகாது. அனுமதி எழுத்தில் வேண்டும்: எந்தக் கருவிகள், எந்த நாள், எந்த நேரம், எதைத் தொடக் கூடாது, கண்டதை யாரிடம் சொல்வது. சேலைக் கடையில் முகூர்த்த சீசன் சனிக்கிழமை சோதனை செய்தால் பில் கவுன்ட்டர் நின்றுபோகும், அனுமதி இருந்தாலும் அடி விழும். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. இதைக் கேள்விப்பட்ட கடைக்காரரை இன்னும் பார்க்கவில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடக்கிறது. அதோடு ஒரு நாள் நெட்வொர்க்கையும் பார்த்துவிடச் சொன்னால், ஊருக்குத் திரும்ப விரும்பும் இரண்டு மூன்று பேருக்காவது வேலை கிடைக்கும்.

அந்த வேலை சினிமாவில் காட்டுவதுபோல இருக்காது. ரவுட்டர் கடவுச்சொல் முதலாளிக்குத் தெரியாது. டிவிஆர் கடவுச்சொல் அதை மாட்டிய ஆளுக்குத்தான் தெரியும், அவர் நம்பர் மாறியிருக்கும். பழைய ரசீதுக் கட்டில் அவர் விசிட்டிங் கார்டைத் தேடுவதிலிருந்துதான் தணிக்கை தொடங்கும்.